பெயிண்ட் அடிக்காத தீபாவளி

மச்சான்,

இன்று காலை கிள்ளானில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டின்னைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைக்காரர் மூடியை நெம்பித் திறந்து என் பக்கம் தள்ளினார். குனிந்து முகர்ந்தேன். வாசனையே இல்லை.

"வாட்டர் பேஸ் அங்கிள். வாசன இருக்காது. காரீயமும் கிடையாது, டின்லயே போட்டிருக்கு பாருங்க" என்றார் அவர்.

டின்னைத் திருப்பித் திருப்பி மூன்று மொழிகளிலும் படித்தேன். படித்த பிறகும் முழுக்க நம்பவில்லை. டின்னில் எழுதியிருப்பதை நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். ஆனால் அந்த வாசனை இல்லாத வெள்ளைக் குழம்பைப் பார்த்ததும் நீ சொல்லியிருக்கக்கூடியது காதில் விழுந்தது. "மூக்குல ஏறாதது எல்லாம் பெயிண்டா மச்சான்? மோர் மாதிரி இருக்குடா." கடைக்காரருக்கு முன்னால் தனியாகச் சிரித்துவிட்டேன். அவர் மரியாதையாக மூடியைத் தட்டி மூடினார்.

நீ போன பிறகு வருகிற இரண்டாவது தீபாவளி இது. போன வருடம் துக்கம், வீட்டில் எதையும் தொடவில்லை. இந்த வருடம் அடித்தே ஆக வேண்டும் என்று சரோ சொல்லிவிட்டாள். நிறம் பார்க்க என்னை அனுப்பினாள். "அவருக்கு அப்புறம் பெயிண்ட பத்தி வாய் வலிக்கப் பேசினது நீங்கதான் அண்ணே. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்றாள். என் தங்கை என்னைப் புகழ்ந்தாளா இல்லையா என்று காரில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

என் மனக்குறைகள் உனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அவற்றை நீதான் கேட்டாய். முதல் குறையே உன்மேல்தான். ஐந்து வருடம் என் நண்பனாக எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஆறாவது வருடம் என் தங்கையைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாய். அந்த ஐந்து வருடமும் நீ என்னைப் பார்க்கத்தான் வந்தாயா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. இரண்டாவது குறை, அப்பா அந்த வீட்டை சரோவுக்கு எழுதி வைத்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நாங்கள் கிள்ளானுக்கு வந்தபோது அந்த வீட்டுக்குள் முதலில் ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்தவன் நான். மூத்தவன், ஒரே மகன், குடும்பத்தில் முதல் பட்டதாரி. எனக்குக் கிடைத்தது அப்பாவின் கைக்கடிகாரம். அதுவும் ஓடாது.

மற்றவை சில்லறைக் குறைகள். கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பு என்னிடம் வேலை கற்றவனுக்குப் போனது. கோயில் கமிட்டியில் என் கடிதத்தை வாசிக்காமலே கூட்டக் குறிப்பை எழுதி முடித்தார்கள். உறவினர் கூடும் இடங்களில் இவற்றை நான் வரிசையாகச் சொல்வேன். நீ எனக்கு ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸைத் தள்ளிவிட்டு எல்லாருக்கும் அறிமுகம் செய்து வைப்பாய். "இவன் பொறந்தப்பவே டாக்டர் மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டுத்தான் அழ ஆரம்பிச்சான்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் மீயைச் சாப்பிடுவேன்.

உன் பெயிண்ட் பைத்தியத்தை நினைத்துக்கொள்கிறேன். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்குகளுக்குப் பின்னால் ஓடும் ஃபார்வர்டிங் வேலை உனக்கு. வருடம் முழுக்க மற்றவர்களின் பெட்டிகள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் மட்டும் லீவு போட்டு, பழைய லுங்கி கட்டி, தலையில் செய்தித்தாள் தொப்பி வைத்து, அந்த வீட்டுக்கு ராஜாவாக இறங்குவாய். அப்பா இருந்தவரை மஞ்சள். எங்கே பார்த்தாலும் பளபளக்கும் மஞ்சள் எண்ணெய்ப் பெயிண்ட், மரச் சன்னல், நிலை, இரும்புக் கிரில் எல்லாவற்றிலும். பிறகு உன் ஆட்சியில் பச்சை, அதன்மேல் செங்காவி, அதன்மேல் கடல் நீலம். முதலில் சுரண்டியால் உரிந்ததைச் சுரண்டுவாய், பிறகு மணல்தாள் போட்டுத் தேய்ப்பாய், அப்புறம்தான் அடிப்பாய். "அடிக்கிறது யாரு வேணா அடிக்கலாம்டா. தேய்க்கிறதுலதான் விசயம் இருக்கு" என்பாய். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வாரம் இந்தச் சத்தம்தான், கரக் கரக் என்று. முறுக்கு வாசனையும் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசனையும் கலந்து வரும். தீபாவளி வந்துவிட்டது என்று எனக்கு மூக்குதான் சொல்லும், நாள்காட்டி அல்ல.

கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கும் மேல் உங்களுக்குப் பிள்ளை இல்லை. சரோ போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. நீ அதைப் பற்றிப் பேசவே மாட்டாய். சின்ன அறையின் சன்னலை மட்டும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மற்ற சன்னல்களைவிட ஒரு கோட் கூடுதலாக அடிப்பாய். யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி" என்பாய். பிறகு யாழினி பிறந்தாள். அவள் பிறந்த அன்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அழுதாய். காலர் கிழிந்தது. அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அவளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது உனக்கு அந்த யோசனை வந்தது. இந்த வருடம் மேலே மேலே அடிக்கப் போவதில்லை, எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை உரித்துவிட்டு, பிள்ளைக்காகப் புதிதாக ஒரே நிறம் அடிப்பது. துறைமுகத்து நண்பன் ஒருவனிடமிருந்து மணல்தாள் சுற்றும் மெஷினை இரவல் வாங்கி வந்தாய். எனக்குப் போன் போட்டுப் பெருமையாக அந்தச் சத்தத்தைக் கேட்கச் செய்தாய்.

அந்த வாரத்தில்தான் சரோவும் எனக்குப் போன் செய்தாள். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், வயிறு வலி என்று முனகுகிறாள், வெளிக்கே போகவில்லை, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு என்றாள். கிளினிக்கில் குடல்பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள். "உங்க மாதிரியே ஆயிட்டா அண்ணே, எதுலயும் திருப்தி இல்ல" என்று சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை என் செராஸ் வீட்டிலிருந்து கிளம்பி வந்தேன்.

வாசலிலேயே தெரிந்தது. செருப்புகளின்மேல் மாவு தூவினாற்போல மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி. ஹாலில் சோபாவுக்கு மேல் பழைய பெட்ஷீட். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு சன்னல் நிலையில் மெஷினை அழுத்திப் பிடித்திருந்தாய். பிள்ளை கீழே தரையில் உட்கார்ந்து, உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் ஈரமாக இருந்தன. உதட்டோரத்தில் மஞ்சள்.

"மச்சான், மெஷின நிறுத்து."

"என்னடா, வந்ததும் வராததுமா?"

"நிறுத்து. பிள்ளைய தூக்கு. முதல்ல அந்த ஃபேன ஆஃப் பண்ணு."

நிறுத்தினாய். துண்டை இறக்கினாய். நான் சொன்னேன், பழைய எண்ணெய்ப் பெயிண்டில், அதிலும் அந்த மஞ்சளிலும் பச்சையிலும் சிவப்பிலும், நிறம் எடுப்பதற்கும் சீக்கிரம் காய்வதற்கும் காரீயம் போட்டிருப்பார்கள். ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை அது பேசாமல் இருக்கும். நீ அதைப் பொடியாக்கி வீடு முழுக்கத் தூவிக்கொண்டிருக்கிறாய், அவள் அதை விரலால் தொட்டு வாயில் வைக்கிறாள் என்றேன். அவள் வயதுப் பிள்ளைக்கு அது மூளைக்குப் போகும் என்றும் சொன்னேன். ஒருவேளை குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

நீ சிரித்தாய். "காரீயமா? ஈயச் சொம்புல ரசம் வெச்சு குடிச்ச வம்சம்டா நாம."

"அது வெள்ளீயம். வேற சாமான்."

"வந்துட்டாருப்பா கெமிஸ்ட்ரி வாத்தியாரு. சரோ, மாமாவுக்கு ஒரு தே தாரிக் ஆத்திக் குடு, சூடு இறங்கட்டும்."

சரோ சமையலறையிலிருந்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, இது அப்பா அடிச்ச பெயிண்டு. நீங்களும் நானும் இந்த வீட்டுலதான் வளந்தோம். நமக்கு ஒண்ணும் ஆகல. இப்ப எங்க வீடுன்னு ஆனதும் வெஷம் ஆயிடுச்சா?"

அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. நாம் வளர்ந்தபோது பெயிண்ட் புதிது, யாரும் மெஷின் வைத்து உரிக்கவில்லை, நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது காரீயத்தைப் பற்றி அல்ல. அதற்கு முந்தைய வருடங்களில் அந்தக் கூரை ஒழுகும் என்று சொல்லியிருந்தேன். பின்பக்கச் சாக்கடை நாறுகிறது என்று சொல்லியிருந்தேன். சுவரில் விரிசல், மூலை சரியில்லை, சாலையை அகலப்படுத்தினால் பாதி போய்விடும் என்றெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லியிருந்தேன். எல்லாம் உண்மைதான், கூரை ஒழுகத்தான் செய்தது. ஆனால் உங்கள் காதில் இது அந்த வரிசையில் அடுத்தது. வீடு கிடைக்காதவன் வீட்டைப் பழிக்கிறான். ஊரில் வேறு எவன் சொல்லியிருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். சொன்னது நான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். உள்ளே மெஷின் மறுபடி ஒரு தடவை உறுமியது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. என்னிடம் உனக்கு வேண்டியது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"டேய்" என்று திரும்பினேன். "இந்தப் பெயிண்ட ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு குடுக்கறேன். ஒண்ணும் இல்லன்னு வந்தா, இனிமே இந்த வீட்டப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

மெஷின் நின்றது.

"எத்தன நாளைக்கு?"

"சாகற வரைக்கும்."

"தீபாவளிக்கு வந்தா?"

"பலகாரத்த பத்தி மட்டும் பேசுவேன்."

"ஜெஞ்சாரோம் சித்தப்பா வீட்டு கல்யாணத்துல, தண்ணி போட்டுட்டு?"

"எங்கயும் பேச மாட்டேன்டா."

நீ சரோவைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. "இதுக்காகவே டெஸ்ட் பண்ணலாம் சரோ" என்றாய்.

"ஒரு கண்டிஷன். ரிசல்ட் வர்ற வரைக்கும் மெஷின தொடக்கூடாது. பிள்ள என் வீட்டுல இருக்கணும்."

"பாத்தியா, பந்தயத்துலயும் குறை கண்டுபிடிச்சு கண்டிஷன் போடறான்" என்றாய். ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டாய்.

சன்னலின் ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கு அடுக்கான குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி இருந்தது, மச்சான். நீலம், செங்காவி, பச்சை, அடியில் அப்பாவின் மஞ்சள், அதற்கும் அடியில் எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களின் வெள்ளை. ஒவ்வொரு காலத்துத் தீபாவளியும் ஒரு கோடாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஒருவன் ஷா ஆலாமில் ஒரு சோதனைக் கூடம் வைத்திருந்தான். எனக்கு வர வேண்டிய முதல் வகுப்பை அவன் வாங்கிக்கொண்டான் என்பதால் பதினைந்து வருடமாக அவனோடு பேசாமல் இருந்தேன். அன்று போன் செய்தேன். யாழினிக்காகச் செய்தது என்று வைத்துக்கொள்.

சில நாட்களில் அவன் கூப்பிட்டான். "இத எங்கடா எடுத்த? பெயிண்ட்ல காரீயம் இருக்கா, காரீயத்துல பெயிண்ட் இருக்கான்னு தெரியல" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் நீ வேலையிலிருந்து நேராகச் செராஸுக்கு வந்தாய். நான் ரிசல்ட் காகிதத்தை உன்னிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாய். இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்று சரியென்று நிரூபணமான ஒரே தருணம் அது. அதை அனுபவிக்க வேண்டும் என்று நான் எவ்வளவோ திட்டம் போட்டு வைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒரு ருசியும் இல்லாமல் போய்விட்டது. நீ உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாய். "நான்தான்டா தேய்ச்சேன்" என்றாய்.

மறுநாள் யாழினிக்கு ரத்தம் எடுத்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். காரீயம் இருக்கக்கூடிய அளவைவிட அதிகமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் டாக்டர் நிதானமாகப் பேசினார். ரத்தத்திலிருந்து அதை இழுக்கும் மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை, மூலத்தை நிறுத்துங்கள், அந்தத் தூசி இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள சாப்பாடு கொடுங்கள், அடிக்கடி கையைக் கழுவுங்கள், மறுபடி சோதிப்போம் என்றார். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "மூளைக்கு ஏதும் ஆயிருக்குமா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாது. வளரட்டும். பேச்சு, கவனம், படிப்பு, எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டே வாங்க" என்றார் அவர்.

காரில் திரும்பும்போது நீ பிள்ளையின் விரல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தாய். ரேடியோவைப் போட விடவில்லை.

அந்தத் தீபாவளி உங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் இல்லை. பாதி உரித்த சன்னல்களோடு இருட்டாக நின்றது. நம் ஊரில் தீபாவளிக்கு வெள்ளையடிக்காத வீடு என்றால் சாவு விழுந்த வீடு என்று அர்த்தம். தெருவில் ஆள் ஆளுக்குக் குரலைத் தாழ்த்தி விசாரித்திருக்கிறார்கள். எதிர்வீட்டு ஆன்டி உன்னைப் பாசாரில் பிடித்து, "தம்பி, யாரு தவறிட்டாங்க, சொல்லவே இல்லயே?" என்று கேட்டாராம். நீ காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "பெயிண்டு தவறிடுச்சு ஆன்டி. ரொம்ப வயசாயிடுச்சு" என்றாயாம். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிறகு அவரை உட்காரவைத்து எல்லாம் சொன்னாய். அவருடைய பேரப்பிள்ளைகளும் அந்த வாரம் மணல்தாளும் கையுமாகத்தான் திரிந்திருக்கிறார்கள். தெருவில் நாலைந்து வீடுகள் அந்த வருடம் சுரண்டாமல் விட்டன. நான் சொல்லியிருந்தால் ஒரு வீடுகூட விட்டிருக்காது. ஊருக்கு உன் வாய் போதும். அதையும் நான் குறையாகத்தான் சொல்லி வந்தேன்.

மூன்று பேரும் என் அபார்ட்மென்டில் இருந்தீர்கள். தனியாக இருந்து பழகியவன் நான். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பது வேறு கதை, அதில் குற்றவாளிகள் வேறு. காலையில் எழுந்தால் என் குளியலறையில் நீ பாடிக்கொண்டிருப்பாய். என் நாற்காலியில் உன் ஈரத் துண்டு கிடக்கும். "என்னடா மச்சான், உன் வீட்டுல உப்பு டப்பாவுல உப்பே இல்ல, வாழ்க்கைய எப்படித்தான் ஓட்டற?" என்பாய். தீபாவளியன்று சரோ லிஃப்டுக்கு எதிரே கோலம் போட்டாள். பன்னிரண்டாம் மாடியில் கோலம் போட்டதற்காக மேனேஜ்மென்டிலிருந்து ஆள் வந்தான். அவனோடு நான் சண்டைக்குப் போனேன். நீ அவனுக்கு அதிரசம் கொடுத்து அனுப்பினாய். யாழினி என் கட்டிலில், என் தலையணையில், என் பாட்டுச் சத்தத்தில் தூங்கினாள். அவ்வளவு இடைஞ்சலான தீபாவளி என் வாழ்க்கையில் வந்ததில்லை. அதற்குப் பிறகு வந்ததும் இல்லை. அதைத்தான் ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு நான் சொன்னபடி எல்லாம் செய்தாய். ஒன்றையும் சரி என்று ஒப்புக்கொள்ளாமலேதான் செய்தாய். இந்த வேலை தெரிந்த ஆட்களைப் பிடித்து, மரத்தை நனைத்து நனைத்து உரிக்கச் செய்தாய். திறந்து மூடும்போதெல்லாம் உரசித் தூசி விடும் அந்தப் பழைய சன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட்டாய். நல்லபடியாக ஒட்டியிருந்த நிலைகளைத் தொடாமல் மேலே புதிய பூச்சுப் போட்டு மூடினார்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். சன்னலுக்குக் கீழே இருந்த மண்ணை வாரிப் புதுமண் போட்டீர்கள். நான் சன்னல் ஓரத்தில் விரலை இழுத்துப் பார்த்தபோது, "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, எல்லாரும் நில்லுங்க" என்றாய். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கப்புறம்தான் பிள்ளையை உள்ளே விட்டோம்.

அடுத்தடுத்த சோதனைகளில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. உன் பயம் மட்டும் இறங்கவில்லை. வேலை நேரத்தில் எனக்குப் போன் வரும். "மச்சான், காக்கான்னு சொன்னா." மறுநாள், "மச்சான், இன்னிக்கு காக்கான்னு சொல்லல, இது அதனாலயா?" பாலர்பள்ளியில் நிறத்தை மாற்றிச் சொன்னாள் என்றால், "இது அதனாலயா?" கீழே விழுந்தாலும் அதனாலயா, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு வந்தாலும் அதனாலயா. "நீ ஸ்கூல்ல, ஃபார்ம் ஃபைவ்ல, மூணு தடவ பேக்கையே மறந்துட்டு வந்தடா, அது எதனால?" என்று நான் கேட்பேன். "சரி லா" என்று போனை வைத்துவிடுவாய். உனக்குச் சொல்லாமல் நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதாகச் சொல்லி, எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பேன்.

இந்த விஷயத்தில் உன்மேல் எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். 'நீ சொன்னது சரிடா' என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் பந்தயத்தில் தோற்றதை மறக்கவும் இல்லை. வீட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்குச் சாகும்வரை உரிமை உண்டு என்பதை என்னைவிட நீ ஞாபகம் வைத்திருந்தாய். நான் வந்து அரை மணி நேரம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் நீ பதறிவிடுவாய். "என்ன மச்சான், கூரையப் பத்தி ஒண்ணும் சொல்லல? உடம்புக்கு முடியலையா? சரோ, இவனுக்கு காய்ச்சலான்னு தொட்டுப் பாரு." நான் உடனே சாக்கடையில் ஆரம்பிப்பேன். நீ நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்வாய். எத்தனையோ பேர் என் புலம்பலைப் பொறுத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு வாங்கியவன் நீ ஒருவன்தான். பிறகு ஒரு மதியம் துறைமுகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட, முன்கதவு சரியாகச் சாத்தவில்லை என்று நான் உனக்குச் சொல்லியிருந்தேன்.

இன்று பெயிண்ட் டின்களை இறக்கி வைத்துவிட்டு உங்கள் ஹாலில் உட்கார்ந்தேன். யாழினி பள்ளி விட்டு வந்திருந்தாள். இப்போது இடைநிலைப்பள்ளி, ஃபார்ம் ஒன். உன் உயரம் வந்துவிட்டது, சரோவின் மூக்கு. பழக்கத்தில் நான் ஆரம்பித்தேன், இந்த வீடு நியாயப்படி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்று. பையைக்கூட இறக்காமல் அவள் நின்றாள்.

"மாமா, ஒரு நிமிஷம். தாத்தாவுக்கு முடியாம போனப்ப அவர தூக்கி குளிக்க வெச்சது யாரு?"

"உங்கப்பாவும் அம்மாவும்தான். நான் ஒண்ணும் இல்லங்கல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வேல. செராஸ்லேருந்து தினம் வர முடியுமா?"

"அப்ப தினம் வர முடிஞ்சவங்களுக்கு தாத்தா வீட்ட குடுத்தாரு. சரி, மூத்தவன்னு சொல்றீங்க. மூத்தவனுக்குத்தான் வீடுன்னா, படிக்க வெச்ச செலவும் மூத்தவனுக்குத்தானே போச்சு? அம்மாவ ஃபார்ம் த்ரீயோட நிறுத்திட்டாங்க. ரெண்டும் உங்களுக்கேன்னா எப்படி மாமா?"

"அது அந்தக் காலத்து..."

"போன வாரம் சட்டம் பேசினீங்க. இன்னிக்கு காலம் பேசறீங்க. ஒண்ணுல நில்லுங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. சரோ கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சான், உன் பெண் போன வாரம் நான் பேசியதை நினைவில் வைத்து, இந்த வாரம் பேசியதோடு சேர்த்து, இடையில் இருந்த ஓட்டையில் என்னைத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் டாக்டர் கவனித்துக்கொண்டே வாருங்கள் என்றாரே, பேச்சு, கவனம் என்று. நான் கவனித்தேன். ஒரு கமாகூடத் தவறவில்லை. உனக்குப் போன் போட வேண்டும் என்று கை சட்டைப்பைக்குப் போய்விட்டது.

"ஏன் மாமா சிரிக்கிறீங்க? பதில் சொல்லுங்க."

"அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். "இன்னும் ரெண்டு பாயின்ட் இருக்கு எங்கிட்ட."

உண்மையில் ஒன்றுகூட இல்லை. திரும்பும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் நெரிசலில் நின்றபோதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு எனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை, அதை நீயும் அங்கிருந்து கேட்டுக்கொள். விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எதை வைத்து என்னோடு வாதாடுவாள்?